சித்திரைக்குத் துணி எடுக்கப் போகிறீர்களா? வெயிலையும் மழையையும் நினைத்துக்கொண்டு எடுங்கள்

பிப்ரவரி முடிவதற்குள் கைப்பேசியில் ஆரம்பித்துவிடும். ஸ்பிரிங் கலெக்‌ஷன், ஸ்பிரிங் சேல் என்று வெளிர் மஞ்சளும் பிஸ்தா பச்சையுமாகக் கொட்டும். படத்தில் ஒரு பெண் மெல்லிய கம்பளிச் சட்டை, அதற்கு மேல் ஒரு கோட்டு, காலில் வெல்வெட் மாதிரி மெத்தென்ற ஸ்வேட் சப்பாத்து என்று பூத்த மரத்தடியில் நிற்பாள். அதைப் பார்க்கிற நாம் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், சுற்றிலும் செம்பனை, காலை பத்தரைக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற வெயிலில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டு, அழகாகத்தானே இருக்கிறது என்று கூடையில் போட்டுவிடுகிறோம்.

நமக்கும் வசந்தம் இருக்கிறது. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். ஆனால் இங்கே சித்திரை என்றால் காலையில் சுடும், மத்தியானம் மூன்று நாலு மணிக்கு இடியோடு ஊற்றும், மழை விட்டதும் ஆவி பிடித்தது போலப் புழுங்கும். ஒரு பருவக்காற்று ஓய்ந்து அடுத்தது தொடங்காத இடைவெளி அது. ஆகவே நாம் எடுக்கிற உடுப்பு ஒரே நாளில் இந்த மூன்றையும் தாங்க வேண்டும். படத்தில் இருப்பதில் வெளிர் நிறங்களையும் லினன் துணியையும் தளர்ந்த வெட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள், கோட்டையும் ஸ்வேட்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள்.

கடைக்குப் போவதற்கு முன்னால் அலமாரியைக் காலி செய்து கட்டிலில் கொட்டுங்கள். போன சித்திரைக்குப் பிறகு ஒரு தடவைகூடப் போடாததைத் தனியாக வையுங்கள். அப்புறம் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, ஏன் போடவில்லை என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். எனக்குப் போன வருஷம் ஏழு உருப்படி தேறியது. அதில் ஐந்து அக்குளில் இறுக்கம் அல்லது துணி சூடு, ஒன்றுக்குப் பொருத்தமான கீழாடை இல்லை, இன்னொன்று என் தங்கையுடையது. நிறம் பிடிக்காமல் ஒதுக்கியது ஒன்றுகூட இல்லை. ஆனால் வாங்கும்போது நான் பார்த்ததெல்லாம் நிறம் மட்டும்தான்!

பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி, அதாவது ரிங்கிட். மாதத்துக்கு 26 வேலை நாள் என்று வைத்தால் ஒரு நாள் கூலி சுமார் 65 வெள்ளி வருகிறது. 130 வெள்ளி சப்பாத்து என்றால் இரண்டு நாள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புகிற இடத்துக்கு, போய் வந்த உழைப்பு. அந்தச் சப்பாத்தை வாரம் மூன்று நாள் போடுவீர்களானால் நியாயமான விலைதான். ஒரு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் வைக்கப்போகிறீர்கள் என்றால் 30 வெள்ளி சப்பாத்துகூட எனக்கு அதிகமாகத்தான் படுகிறது.

சரி, துணிக்கு வருவோம். பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், எதைத் தொட்டாலும் “காட்டன்மா, நல்ல காட்டன்” என்பார்கள். பாதி நேரம் அது ரேயான், மீதி நேரம் பாலியெஸ்டர் கலந்தது. ரேயான் மோசமில்லை. மரக்கூழிலிருந்து செய்கிற நூல், உடம்பில் குளுகுளுவென்று விழும், வியர்வையை வாங்கிக்கொள்ளும். ஆனால் நனைந்தால் பலம் குறையும், முறுக்கிப் பிழிந்தால் உருமாறும், முதல் சலவையில் சுருங்கவும் செய்யும். எனவே ரேயான் பஞ்சாபி சூட் எடுத்தால் நீளத்தில் கொஞ்சம் தாராளமாக எடுங்கள். பாலியெஸ்டர் சீக்கிரம் காயும், மழை மாதத்தில் அது பெரிய நிம்மதி. ஆனால் வியர்வையை உறிஞ்சாது, இரண்டு மணி நேரத்தில் நாற்றம் பிடிக்கும். கோயிலில் வரிசையில் நிற்கும்போதுதான் அது தெரியும். பருத்தியும் லினனும்தான் இந்த வெயிலுக்குச் சரி. லினன் கசங்கும், கசங்கட்டும், அதன் அழகே அதுதான். என் அம்மாவுக்கு மட்டும் இதை என்னால் புரியவைக்க முடியவில்லை, வாசலில் நிறுத்தி “அயர்ன் பண்ணலையா?” என்று கேட்காத நாள் இல்லை.

எந்த நூல் என்று சந்தேகம் வந்தால் முதலில் உள்பக்கம் இருக்கிற சீட்டைப் பாருங்கள். சீட்டு இல்லாத துணியா? வீட்டுக்கு வந்ததும் உள்தையலிலிருந்து ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, சமையல் தொட்டிக்கு மேல் நெருப்பு காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து பொடிச் சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். ரேயானும் பருத்தி போலவே எரியும், அதனால் அதற்கு வேறு வழி: இழையை எச்சில் தொட்டு நனைத்து இழுங்கள், ஈரமான இடத்தில் பட்டென்று அறுந்தால் பெரும்பாலும் ரேயான். இதைக் கடையில் செய்துகாட்டி என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

கடையிலேயே செய்யக்கூடியவையும் உண்டு. ஈரக் கைக்குட்டையால் ஓர் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் வைத்துவிடுங்கள். வெளிர் நிறத்தை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள், விரல் தெரிந்தால் உள்ளே போடும் பாவாடையும் தெரியும். தையலை இரண்டு பக்கமும் இழுத்தால் இடைவெளி விடக் கூடாது. போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிமிர்ந்து நிற்பதோடு முடித்துக்கொள்ளாமல் கையை மேலே தூக்குங்கள், உட்காருங்கள், குனிந்து செருப்பு மாட்டுவது போல் செய்யுங்கள். அப்போது இறுக்குகிற உடுப்பு வீட்டுக்கு வந்தும் இறுக்கும்.

இப்போது சப்பாத்து. இதில்தான் நான் பட்ட அவமானம் அதிகம். என் அத்தை மகள் கல்யாணத்துக்கு, இரண்டு வருஷமாகப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த அழகான சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனேன். மண்டபத்துப் படியில் ஏறும்போது அடிப்பாகம் கேக் மாதிரி உதிர ஆரம்பித்தது, உள்ளே போவதற்குள் என் பின்னால் கறுப்புத் துண்டுகளாக ஒரு பாதை. சித்தி ஒரு பிளாஸ்டிக் பையில் பொறுக்கிப் போட்டு, “மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்க்கலை, வா” என்றார். பார்த்திருப்பார்கள்.

காரணம் பின்னால்தான் தெரிந்தது. மெத்தென்று லேசாக இருக்கிற பல அடிப்பாகங்கள் பாலியூரித்தேன் என்கிற ஒரு வகைப் பிளாஸ்டிக்கில் செய்தவை. காற்றிலுள்ள ஈரம் அதற்குள் நுழைந்து மெல்ல மெல்லக் கட்டமைப்பைப் பிரித்துவிடும், போடாமல் பூட்டி வைத்தாலும் அது நிற்காது. நம் ஊர் ஈரப்பதத்துக்குக் கேட்கவே வேண்டாம். எனவே விலை குறைத்து விற்கிற பழைய ஸ்டாக்கை எடுக்கும்போது அடிப்பாகத்தை நன்றாக வளைத்து, நகத்தால் அழுத்திப் பாருங்கள். பிசுபிசுப்போ, நுண்ணிய வெடிப்போ, மாவு போல ஒட்டுதலோ இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ரப்பர் அடிப்பாகம் இப்படி உதிராது. கனம்தான், ஆனால் ஈரத் தரையில் வழுக்காமல் பிடிக்கும். நம் பாட்டிமார் விடியற்காலை மரம் சீவி எடுத்த பாலில் வந்த பொருள், அதைக் கொஞ்சம் நம்பலாம்.

வெள்ளை ஸ்னீக்கர் இந்த வருஷமும் ஓடுகிறது. தோட்டத்துச் செம்மண் பாதையில் தினம் நடக்கிறவர் என்றால் அது மூன்றாவது நாள் வெள்ளையாக இருக்காது, பழுப்போ சாம்பலோ எடுங்கள், அதுவும் எல்லா நிறத்தோடும் போகும். துணி மேற்பாகம் இருந்தால் துவைக்கலாம். தோல் என்றால் பூஞ்சணம் பிடிக்கும், வாரம் ஒரு தடவையாவது வெளியே எடுத்துத் துடைக்க முடியும் என்றால் மட்டும் வாங்குங்கள். அளவு பார்க்கச் சாயங்காலமாகப் போங்கள், நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், அந்த அளவுதான் உண்மையான அளவு. நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் விடுங்கள். “போடப் போடச் சரியாகும்” என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

பண்டல் கடையை மறந்துவிடக் கூடாது. ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிற பழைய துணி. உண்மையான வசந்தகால உடுப்பு அங்கேதான் தொங்குகிறது, மெல்லிய லினன் சட்டை, பருத்திப் பாவாடை எல்லாம். ஜப்பான் சீட்டில் எல் என்று இருந்தாலும் நமக்குச் சிறியதாக இருக்கலாம், எழுத்தை விட்டு உடம்பில் வைத்துப் பாருங்கள். அக்குள், கழுத்துப்பட்டை, ஜிப்பு மூன்றையும் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். வீட்டில் துணி தாங்குகிற அளவு சூடான தண்ணீரில் துவைத்துவிட்டுப் போடுங்கள். சப்பாத்தை மட்டும் நான் அங்கே எடுப்பதில்லை, காரணம் மேலே சொன்னேன்.

இணையத்தில் வாங்குவதென்றால் உங்களிடம் நன்றாகப் பொருந்துகிற சட்டையைத் தரையில் விரித்து மார்பு, தோள், நீளம் மூன்றையும் இஞ்சு டேப்பால் அளந்து எழுதி வையுங்கள், விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிட அது போதும். வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரியிலிருந்து 10 விழுக்காடு விற்பனை வரி இருக்கிறது, பணம் கட்டும் முன் மொத்தத் தொகையைப் பாருங்கள். உள்ளூர்க் கடைக்காரர் கெட்ட பொருளைக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது, 5 வெள்ளி கட்டிப் புகார் கொடுக்கலாம்.

பத்து வெள்ளி சட்டை எப்படிப் பத்து வெள்ளிக்கு வருகிறது என்றும் ஒரு நிமிஷம் யோசியுங்கள். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100 பேருக்கு மேல் செத்தார்கள், பெரும்பாலும் தையல் தொழிலாளிகள். முந்தின நாளே சுவரில் வெடிப்பு தெரிந்தும் அவர்களை வேலைக்கு அழைத்தார்கள். கூலி வேலை செய்த குடும்பங்களில் பிறந்த நமக்கு அது புதுக் கதை இல்லை. வாங்கவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அந்தத் தையல் தொழிலாளிகளுக்கு வேலை வேண்டும். மூன்று எடுக்கிற இடத்தில் ஒன்று எடுத்து, அது கிழியும்வரை போடுகிறேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

எதுவும் பிடிக்கவில்லையா, துணி எடுத்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஈப்போ லிட்டில் இந்தியாவில் மீட்டர் கணக்கில் நல்ல பருத்தி கிடைக்கும். தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போடுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும். உள்ளே மடிப்பு கூடுதலாக விடச் சொன்னால் உடம்பு போட்டாலும் பிரித்துப் பெரிதாக்கலாம். பங்குனி பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வருஷப் பிறப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது போனால், எங்கள் ஊர் தையல்கார அக்கா கண்ணாடியைக்கூடக் கழற்றாமல், “தீபாவளிக்கு வந்து எடுத்துக்கோ” என்று சொல்லிவிடுவார்.