இன்டர்கூலர் கிட்: மாட்டிய பிறகு செய்யும் பெரிய தவறு

போன வாரம் மார்த்தாண்டத்தில் என் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு தம்பி ஃபார்ச்சூனர் கொண்டுவந்தான். 2009-இல் இங்கே அறிமுகமான முதல் மாடல், 3 லிட்டர் டீசல். என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது டர்போ; அதில் சூடான காற்றைக் குளிர்விப்பது இன்டர்கூலர். என்ஜின் மேல் இருந்த கம்பெனி இன்டர்கூலரைக் கழற்றிவிட்டு பம்பருக்குப் பின்னால் வெளி இன்டர்கூலர் கிட் மாட்டியிருந்தான். “அண்ணே, முன்ன மாதிரி இழுக்கல்ல, கரும்புகையா தள்ளுது” என்றான். பத்து வருஷம் முன்னால் நான் செய்த அதே தவறு.

கசிவு பார்க்காமல் சாவியைக் கொடுப்பது

கம்பெனி இன்டர்கூலருக்குக் குழாய் குட்டை. முன்பக்கக் கிட்டில் குழாய் பம்பர் வரை போய்த் திரும்ப வேண்டும். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிலிகான் ஹோஸ், இரண்டு கிளாம்ப். குழாய் முனையைச் சுற்றி பீடு என்கிற புடைப்பு இல்லையென்றால், எவ்வளவு முறுக்கினாலும் ஹோஸ் ஒருநாள் நழுவும்.

பத்து வருஷம் முன்னால் அப்படிக் கிட் மாட்டி என்னிடம் வந்த வண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் திணறியது. டீசலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் கழற்றி சர்வீசுக்கு அனுப்பினேன். புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பும் ஈஜிஆர் வால்வைச் சுத்தம் செய்தேன். புகை நிற்கவில்லை. மூன்று மாதத்தில் டர்போ போய்விட்டது. பிறகுதான் பம்பரைக் கழற்றினேன்: ஒரு ஹோஸ் அரை விரல் நழுவி நின்றது.

ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கெடுத்த காற்று முழுவதும் என்ஜினுக்குப் போய்ச் சேரவில்லை. டீசல் மட்டும் கணக்குப்படி இறங்கியது. அதனால் புகை. குறைந்த அழுத்தத்தை ஈடுகட்ட டர்போ அளவுக்கு மீறிச் சுற்றியது. ஒரு கிளாம்ப் விலை எங்கே, டர்போ விலை எங்கே! இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது.

இப்போது எந்தக் கிட் மாட்டினாலும் டர்போவின் வாயை அடைத்து, அதில் ஒரு டயர் வால்வு வைத்து, கம்ப்ரசர் காற்றை மெதுவாக ஏற்றுவேன். 15 பி.எஸ்.ஐ.யோடு நிறுத்திவிடுவேன். இணைப்புக்கு இணைப்பு சோப்புத் தண்ணீர். நுரை கிளம்பும் இடம்தான் கசிவு. அரை மணி நேர வேலை.

பெரிய கோர்தான் நல்லது என்று வாங்குவது

கோர் என்றால் இன்டர்கூலரின் காற்று குளிரும் நடுப்பகுதி. அது தடித்தால் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டன்சருக்கும் போகிற காற்றை மறிக்கும். வெட்டூர்ணிமடத்தில் மத்தியான வெயிலில் ஊர்ந்து பாருங்கள், டெம்பரேச்சர் முள் சொல்லும்.

டர்போ உடைந்த வண்டியின் இன்டர்கூலரைக் கழுவாமல் மாட்டுவது

உள்ளே உலோகத் துணுக்கு கிடக்கும். என்ஜினுக்குள் போகும்.

குளச்சல், முட்டம் வண்டிக்கு இரும்புக் கிளாம்ப்

வேண்டாம், கடல் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் டி-போல்ட் கிளாம்ப் மட்டும்.

அந்தத் தம்பியின் வண்டியில் இடது ஹெட்லைட்டுக்குக் கீழே நுரை கிளம்பியது. அதற்குள் வேறொரு கடையில் இன்ஜெக்டருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தான்.