காவடிப் படம் விற்பவர்களுக்கு: முதல் பத்துச் சொற்கள்

படங்களை விற்கும் இணையதளமான அடோபி ஸ்டாக்கில், படத்தைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் குறிச்சொற்களை நினைவுக்கு வந்த வரிசையில் போடாதீர்கள். படத்தில் கண்ணுக்குத் தெரிவது முதல் பத்துக்குள் வரவேண்டும். 49 சொற்கள் வரை போடலாம்தான், ஆனால் அங்கே தேடலில் அதிக எடை முதல் பத்துக்கே. காவடி, முருகன், பக்தர், ஊர்வலம், மொரீஷியஸ் முன்னால் இருக்கட்டும்; பண்பாடு, பயணம் போன்றவை பின்னால். 'பயணம்' என்று தேடினால் லட்சக்கணக்கான படங்கள் வரும், அதில் நம் படம் கடலில் கரைத்த பெருங்காயம்.

அப்புறம், காவடியை ஆங்கிலத்தில் இரண்டு விதமாகவும் எழுதுங்கள். நம் மொரீஷியஸ் தீவில் 'சி'யில் தொடங்கி இரண்டு 'இ'யில் முடிக்கிறோம் (Cavadee). சிங்கப்பூர், மலேசியாவில் 'கே'யில் தொடங்கி 'ஐ'யில் முடிப்பார்கள் (Kavadi). வாங்குபவர் எதைத் தட்டுவார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பழக்கதோஷத்தில் பிரெஞ்சுச் சொற்களை இடையில் கலக்க வேண்டாம். ஆங்கிலம் என்று தேர்ந்தெடுத்தால் ஆங்கிலம் மட்டுமே, மொழிபெயர்ப்பைத் தளமே பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சொற்களைப் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமிலேயே எழுதி, விவரங்களோடு எக்ஸ்போர்ட் செய்தால் கோப்போடு சேர்ந்தே போகும்; ஆனால் லைட்ரூம் அவற்றை அகரவரிசையில் அடுக்கிவிடும், அதனால் அடோபி ஸ்டாக்கில் ஏற்றியபின் வரிசையை மட்டும் சரிசெய்யுங்கள். அடுத்த தளத்துக்கு மறுபடி தட்டச்சு செய்யும் வேலை மிச்சம்.

வரிசைக் கணக்கு எல்லாத் தளத்துக்கும் பொருந்தாது. கோர் தெ கார்த் மலைக்கோயில் கூட்டத்தை, முகங்கள் தெரிய, ஷட்டர்ஸ்டாக் என்ற இன்னொரு தளத்துக்கு எடிட்டோரியலாக (விளம்பரத்துக்கு அல்லாமல் செய்திப் பயன்பாட்டுக்கு) அனுப்பினால் அங்கே முதலில் பார்ப்பது விளக்கவரியைத்தான்: ஊர், நாடு, எடுத்த தேதி, அதன் பிறகே நடந்தது என்ன என்பது.