டெர்மல் பதித்தவர்கள் செய்யும் தவறுகள்

கழுத்தெலும்புக்கு மேல் ஒற்றைக் கல் மின்ன வேண்டும் என்று டெர்மல் (தோலுக்குள் சின்னத் தகடு வைத்து, அதன்மேல் கல் மாட்டும் நகை) பதித்துக்கொள்பவர்கள் இப்போது அதிகம். தவறுகள் மட்டும் பழையவை. இதைப் பதித்துவிடுவது என் தொழில்; அந்தத் தவறுகளில் பாதியை என் உடம்பிலேயே பார்த்தவன் நான். அழுக்குக் கையால் தொடாதே, நீச்சல் குளம் கூடாது என்பதையெல்லாம் ஸ்டூடியோவிலேயே சொல்லிவிடுவார்கள். அது இங்கே வேண்டாம்.

தோல் தள்ளுவதை அழுத்திப் பிடிப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. மூக்குத்திக்கு இருப்பதுபோல டெர்மலுக்குப் பின்பக்கத் திருகு கிடையாது. சில மில்லிமீட்டர் நீளத் தகடு ஒன்று தோலுக்குள் இருக்கும். அதிலுள்ள ஓட்டைகள் வழியே திசு வளர்ந்தால்தான் பிடிமானம். துப்பட்டா மாட்டி இழுத்தாலோ, பையின் வார் தினமும் உரசினாலோ பிடிமானம் தளரும். உடம்பு அதை மெல்ல வெளியே தள்ளத் தொடங்கும்.

கல் முன்பைவிடத் தூக்கலாக நிற்கும், ஒருபக்கம் சாயும், சுற்றியுள்ள தோல் மெலிந்து பளபளக்கும். அப்போதே வந்து எடுத்துவிட்டால் பெரும்பாலும் சின்னத் தழும்போடு போய்விடும். யார் வருகிறார்கள்? ஒரு கல்லூரிப் பெண் மைக்ரோபோர் டேப்பை இறுக்கி ஒட்டியே வாரக்கணக்கில் ஓட்டியிருந்தார். பிரித்துப் பார்த்தால் தகட்டின் ஒரு முனை வெளியே, அடியில் சீழ். "காசு குடுத்துப் போட்டதுண்ணா, எடுக்க மனசு வரல" என்றார். டாக்டரிடம் அனுப்பினேன். கல் இருந்த இடத்தில் இப்போது புளியங்கொட்டை அளவுக்குத் தழும்பு.

வெளியே வரத் தொடங்கியதை அழுத்தி உள்ளே அனுப்ப முடியாது. அதற்காக நீங்களே இடுக்கியோடு கண்ணாடி முன் உட்காராதீர்கள். திசு ஓட்டைக்குள் பின்னிக் கிடக்கும், இழுத்தால் கிழியும். சீழோ காய்ச்சலோ பரவும் சிவப்போ இருந்தால் எங்களிடமும் வராதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.

மஞ்சள், தேங்காயெண்ணெய், டெட்டால்

வேண்டாம். சுத்தம் செய்ய, மருந்துக்கடையில் கிடைக்கும் 0.9% சலைன் (உப்புநீர்) போதும்.

மலிவான உலோகம்

சர்ஜிக்கல் ஸ்டீல் என்ற பெயரில் மயங்காதீர்கள், அதிலும் சிலருக்கு அரிப்பைக் கிளப்பும் நிக்கல் உண்டு. கவரிங் தோடு போட்டாலே காது அரிக்கிறது என்பவர்கள் குறிப்பாகக் கவனிக்கவும். ஏஎஸ்டிஎம் எஃப்136 (உடம்புக்குள் பொருத்துவதற்கான தரம்) டைட்டானியமா என்று கேட்டு வாங்குங்கள்.

கீலாய்டை மறைப்பது

காது குத்திய இடத்திலோ தடுப்பூசி போட்ட இடத்திலோ தழும்பு தடித்து, காயத்தையும் தாண்டி வளர்ந்ததா? அதுதான் கீலாய்டு. முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெஞ்சும் தோளும் கீலாய்டு எளிதில் வரும் இடங்கள். அப்படிப்பட்டவருக்கு அங்கே டெர்மல் வைக்க நான் ஒப்புக்கொள்வதில்லை, கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனாலும் சரி.

விரல்நுனிக் காந்தம்

விரல்நுனித் தோலுக்குள் சின்னக் காந்தம் பதித்துக்கொள்பவர்களும் உண்டு. பின்னால் எம்ஆர்ஐ எடுக்கவே முடியாமல் போகலாம். அதைச் சொல்லாமல் பதிக்கிறவரிடம் விரலை நீட்டாதீர்கள்.