கண்ணாடியை எப்ப எடுப்பாங்க? சிறுவர் தகவல் நூலுக்கு வரிசை அமைக்கும் முறை

காரைக்குடிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் 26 வருடம் வேலை பார்த்தேன். இப்போது சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன், அவர்களுக்காகவே எழுதவும் செய்கிறேன். கதையைவிடத் தகவல் நூல்தான் எனக்குக் கடினம். எதை முதலில் சொல்வது, எதைக் கடைசிவரை பிடித்து வைப்பது என்பதிலேயே பாதி உழைப்பு போய்விடும்.

என் முதல் முயற்சி ஆத்தங்குடி கல், எங்கள் பக்கத்து வீடுகளில் பதிக்கும் பூப்போட்ட தரைக்கல். ஊர் எங்கே இருக்கிறது, மூலப்பொருள் என்ன, பயன்கள் என்ன என்று பள்ளிக் கட்டுரை மாதிரி எழுதினேன். மூன்றாம் பக்கத்திலேயே பிள்ளைகள் திண்ணைத் தூணைச் சுற்றி ஓட ஆரம்பித்துவிட்டார்கள்.

சரி என்று அவர்களையே ஆத்தங்குடியில் கல் செய்யும் இடத்துக்குக் கூட்டிப் போனேன். தரையில் ஒரு கண்ணாடி. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ அச்சு. அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் சாயக் கலவை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் மேலே சிமென்டும் மணலும் கலந்த பொடி, அதன்மேல் ஈரக் கலவை. அவ்வளவுதான், பூ மறைந்துவிட்டது. வெறும் சாம்பல் நிறப் பலகைதான் தெரிகிறது. கல் தலைகீழாகத்தான் உருவாகிறது, அழகான பக்கம் அடியில் கண்ணாடியை ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பளபளப்பும் கண்ணாடி கொடுப்பதுதான், சூளையே கிடையாது. ஒரு பையன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "டீச்சர், கண்ணாடிய எப்ப எடுப்பாங்க?"

புத்தகத்தின் வரிசை அந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிட்டது. செய்முறை நூலில் வேலை நடக்கும் ஒழுங்கிலேயே போக வேண்டும், பிள்ளை காத்திருக்கும் அந்த ஒரு படியை வலப்பக்கம் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். பக்கத்தைத் திருப்பினால் பூ. ஊரின் பெயரும் சாயத்தின் விவரமும் அதற்குப் பிறகு வந்தால் போதும், அப்போது பிள்ளையே கேட்கும்.

எல்லாப் பொருளுக்கும் இந்த வரிசை பொருந்தாது. ஊருணி, அதாவது ஊர்ப் பொதுக் குளம் பற்றி எழுதினால் காரணமும் விளைவும்தான் சரி: மழையை நம்பிய வறண்ட பூமி, அதனால் ஓட்டில் விழும் மழை வளவில், அதாவது வீட்டின் உள் முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாக ஊருணிக்குப் போகிறது. ஒரு பக்கத்தின் முடிவு அடுத்த பக்கத்துக்குக் காரணமாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் புத்தகம் அறுந்துபோகிறதா என்று பாருங்கள். அறவில்லையென்றால் வரிசை இன்னும் அமையவில்லை.

பலகாரம் பற்றி என்றால் பட்டியல் நூல் போதும். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, கந்தரப்பம் என்று எங்கே திறந்தாலும் படிக்கலாம். ஆனால் பெயர், அச்சு அல்லது கரண்டி, கடிக்கும்போது வரும் சத்தம் என்று ஒவ்வொரு பக்கத்திலும் அதே இடத்தில் அதே விஷயம் இருக்கட்டும். கேள்வி பதில் நூலில் கேள்வி பிள்ளையின் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். "ஒரே வீட்டுக்கு இந்தத் தெருவுல ஒரு வாசல், அந்தத் தெருவுல ஒரு வாசல் எதுக்கு?" இது கேள்வி. "செட்டிநாட்டு வீடுகளின் சிறப்பு யாது?" இது பரீட்சை.

வாழ்க்கை வரலாற்றுக்குக் கால வரிசை வேண்டும், ஆனால் ஆண்டில் தொடங்க வேண்டாம். அழ. வள்ளியப்பா 1922இல் இராயவரத்தில் பிறந்தார் என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பாட்டு எழுதியவர் நம்ம பக்கத்து ஊர்க்காரர் என்று தொடங்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை படப் புத்தகத்துக்கு 32 பக்கம் வழக்கம். அச்சகத்துக் கணக்கில் 16 பக்கம் ஒரு பாரம், ஆக இரண்டு பாரம். தலைப்பு, பதிப்பு விவரத்துக்கு முதல் மூன்று பக்கமும் கடைசிப் பக்கமும் போனால், எதிரெதிர்ப் பக்கங்களாக 14 ஜோடி மிஞ்சும். 14 காட்சிக்குள் அடங்காத தகவலை வெட்டிவிடுங்கள். மனசு வலிக்கும். வெட்டியதில் நல்லதைச் சின்ன எழுத்தில் ஓரக் கட்டத்தில் வைக்கலாம்: பெரிய எழுத்து ஆறு வயதுக்கு, கட்டம் பத்து வயது அண்ணனுக்கு. பெரிய எழுத்தை மட்டும் வாசித்தாலும் நூல் முழுதாக நிற்க வேண்டும். அருஞ்சொற்பொருள் கடைசியில். வளவு, பட்டாலை மாதிரிச் செட்டிநாட்டு வீட்டுச் சொற்களை நீக்கிவிட்டு எளிய சொல் போடாதீர்கள், அவற்றை இழந்தால் புத்தகம் எந்த ஊருக்கும் சொந்தமில்லை.

அச்சுக்குக் கொடுக்கும் முன் எட்டு ஏ4 தாளை நடுவில் மடித்து நூலால் தைத்தால் 32 பக்கம் வந்துவிடும். அதில் பென்சிலால் எழுதி, படம் வரும் இடத்தில் கட்டம் போட்டு, ஒரு பிள்ளையிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். எங்கே பக்கத்தை அவசரமாகப் புரட்டுகிறது, எங்கே திரும்பிப் போய்ப் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இப்படித் தைத்த என் ஆத்தங்குடி மாதிரிப் புத்தகத்தில் கண்ணாடி எடுக்கும் பக்கத்தின் ஓரம் மட்டும் அழுக்கேறிக் கிடக்கிறது.