ஆத்து வாயில கழிவு விடுறாங்களா? கடல் சட்டத்தை வெச்சு புகார் குடுக்கிற வழி

முத்துப்பேட்டை, வேதாரண்யம், பழையாறு பக்கம் வடிகால்ல யாராச்சும் கழிவுத்தண்ணிய தொறந்துவிட்டு மடவையும் நண்டும் செத்து மிதந்துச்சுன்னா, "இது ஆறுதானே, கடல் இல்லையே"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க, அதைக் கேட்டுட்டு திரும்பி வந்துடாதீங்க. ஐநாவோட 1982 கடல் சட்ட உடன்படிக்கை கடல் சூழல்னு சொல்றப்ப முகத்துவாரத்தையும் சேத்துதான் சொல்லுது, 1995ல இந்தியாவும் அதை ஏத்துக்கிட்டாச்சு. நம்ம சிஆர்இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) 2019 அறிவிக்கையும் அலை ஏறி எறங்குற ஆறு, ஓடையை விட்டுவைக்கல, நல்ல கோடையில தண்ணில உப்பு ஆயிரத்துக்கு 5 பங்கு இருக்கிற எடம் வரைக்கும் அது வரும். அலையாத்திக் காடுன்னா இன்னும் கடுமையான பாதுகாப்பு உண்டு.

மொதல்ல கழிவு வர்ற குழாய், செத்த மீனு, தண்ணி நெறம் எல்லாத்தையும் தேதியும் எடமும் பதியுற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க. பாட்டில்ல நீங்களே தண்ணி புடிச்சு வெக்கிறது கேஸுக்கு நிக்காது, 1974 தண்ணீர் சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆளு வந்து, கழிவு விடுற எடத்துக்காரர்கிட்ட நோட்டீஸ் குடுத்து, மாதிரிய ரெண்டா பிரிச்சு சீல் வெச்சு ரெண்டு தரப்பும் கையெழுத்து போடணும், அதனால மீனு மிதக்கிற அன்னைக்கே வாரியத்துக்கு எழுத்துல புகார் குடுத்து ரசீது வாங்கிடுங்க, ரெண்டு நாள் கழிச்சு வந்தா தண்ணி அலையோட போயிருக்கும். காப்பி ஒண்ணு கலெக்டருக்கும் போகட்டும், மாவட்ட கடலோர மண்டலக் கமிட்டிக்கு அவர்தான் தலைவர், மீனவர் பிரதிநிதிங்களும் அதுல இருக்கணும், உங்க ஊர் பஞ்சாயத்துல யாரு இருக்காங்கன்னு கேளுங்க. எறால் பண்ணைன்னா கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துல அதுக்குப் பதிவு இருக்கான்னு ஆர்டிஐ போட்டுப் பாருங்க, அந்த ஆணையத்தோட 2005 சட்டப்படி பதிவு இல்லாம பண்ணை நடத்தக்கூடாது.

எதுவும் நடக்கலையா, சென்னையில இருக்கிற தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வுக்குப் போகலாம். இங்கதான் நம்ம ஆளுங்க கோட்டை விடுறாங்க. பிரச்சினை மொதல்ல கெளம்பின நாள்லேந்து 6 மாசம்தான் டைம், தக்க காரணம் காட்டினா மேல 60 நாள் கெடைக்கும், நஷ்டஈடு கேக்க மட்டும் 5 வருஷம். மனு குடுத்துட்டு பதிலுக்குக் காத்துக்கிட்டே இருந்தா இந்த 6 மாசம் ஓடிப்போயிடும், தயவுசெஞ்சு உட்டுடாதீங்க. நாகை மாவட்டத்துல எறால் பண்ணைங்களை எதுத்து நின்ன சர்வோதய ஜெகந்நாதன் ஐயா போட்ட கேஸுலதான் 1996ல சுப்ரீம் கோர்ட்டே மாசு பண்ணவனே பணம் கட்டணும்னு தீர்ப்பு சொல்லுச்சு, அதை மனுவுல எழுதுங்க.

கடல்ல எண்ணெய் மெதந்தா மட்டும் மனு எழுதிக்கிட்டு இருக்காதீங்க, ஒடனே 1554ங்கிற நம்பர்ல கடலோரக் காவல்படையைக் கூப்பிடுங்க.