சார்பதிவாளர் அலுவலகத்தில் நடக்கும் சிறு கல்யாணத்தைப் படம் எடுப்பது எப்படி

கும்பகோணத்திலோ மயிலாடுதுறையிலோ மன்னார்குடியிலோ பத்துப் பேர் மட்டும் கூடும் ஒரு பதிவுத் திருமணத்தைப் படம் எடுக்க ஒப்புக்கொண்டவர், அது எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறது என்பதை மணமக்களிடம் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கோயிலில் தாலி கட்டியபின், இந்துத் திருமணச் சட்டத்தின்படியோ தமிழ்நாட்டின் 2009ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படியோ பதிவுக்காக மட்டும் வருகிறவர்களுக்கு அலுவலகத்தில் நடப்பது ஏறத்தாழக் கையெழுத்து வேலைதான். முக்கியமான படங்களைக் கோயிலிலேயே எடுத்து முடித்திருக்க வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி மணப்பவர்களுக்கு, முன்னறிவிப்புக் கொடுத்து முப்பது நாள் காத்திருந்தபின், அந்த மேசைக்கு முன்னால்தான் கல்யாணமே நடக்கிறது.

இந்த இரண்டாம் வகையில் நடைமுறையின் வரிசை மனப்பாடமாக இருந்தால் பாதி வேலை முடிந்ததுபோல. முதலில் மணமக்களும் மூன்று சாட்சிகளும் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிடுவார்கள். பிறகு அலுவலரும் சாட்சிகளும் கேட்க, ஒருவரை ஒருவர் சட்டப்படியான கணவராகவும் மனைவியாகவும் ஏற்பதாக, தங்களுக்குத் தெரிந்த மொழியில் சொல்வார்கள். அதன்பின் திருமணச் சான்றுப் புத்தகத்தில் அனைவரும் கையெழுத்திடுவார்கள். மாலை மாற்றுவதும் தாலி கட்டுவதும் அவரவர் விருப்பம். சட்டம் எதையும் கட்டாயமாக்கவில்லை, தடுக்கவும் இல்லை. ஆகவே அவை எப்போது, எங்கே நடக்கும் என்பதை மணமக்களிடமே கேட்டு வைக்க வேண்டும். ஏற்பதாகச் சொல்லும் அந்த ஒற்றை வாக்கியம் சில நொடிகளில் முடிந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் லென்ஸ் மாற்றிக்கொண்டு நிற்கக் கூடாது.

முந்தைய நாள் அலுவலகத்துக்கு ஒருமுறை போய், சார்பதிவாளரிடம் நேரில் அனுமதி கேட்பது நல்லது. அறைக்குள் எத்தனை பேரை விடுவார்கள், ஃபிளாஷ் போடலாமா, எந்தப் பக்கம் நிற்கலாம் என்பவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம். முகூர்த்த நாள் என்றால் நிலம் வாங்குவோரும் விற்போரும் பத்திரம் பதிய வந்து கூடத்தை நிறைத்துவிடுவார்கள். ராகுகாலத்தில் கையெழுத்துப் போட நம் ஊரில் பலர் தயங்குவதால், அது முடிந்ததும் கூட்டம் மேசையை நெருக்கும்; வெள்ளிக்கிழமை என்றால் பன்னிரண்டு மணிக்குப் பிறகு இதை எதிர்பார்க்கலாம். மணமக்களுக்கு அதில் நம்பிக்கை இல்லையென்றால், ராகுகாலத்தையே கேட்டு வாங்கச் சொல்வேன். படம் எடுப்பவருக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

வெளிச்சம்தான் உண்மையான சிக்கல். ஒரு பக்கம் சன்னல் வெயில், மேலே டியூப்லைட், சில இடங்களில் பச்சையோ நீலமோ பூசிய சுவர்; இவை மூன்றும் சேர்ந்து முகத்தின் நிறத்தைக் கெடுக்கும். சன்னல் வெளிச்சமே போதுமானால், அந்த மேசைக்கு மேலுள்ள விளக்கை மட்டும் அணைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்கலாம். முடியாதென்றால் ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதிந்த தகவலைக் குறைக்காமல் வைத்திருக்கும் வடிவில் எடுத்து நிறத்தைப் பின்னர் சரிசெய்ய வேண்டியதுதான். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு நூறு முறை மங்கித் தெளியும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50இல் நிறுத்தினால் படத்தின் குறுக்கே இருண்ட பட்டை விழாது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் இங்கே நாகரிகமாகத் தோன்றினாலும் பட்டையை அதிகமாக்கக்கூடியது அதுவே. முந்தைய நாளே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். திருபுவனம் பட்டின் சரிகையும் வெள்ளை வேட்டியும் எளிதில் வெளுத்துப்போகும் என்பதால் ஒளியளவைச் சற்றுக் குறைத்து வைக்கலாம். ஆனால் மாநிற முகங்கள் இருண்டுபோகும் அளவுக்குக் குறைக்கக் கூடாது. சரிகையா முகமா என்று வந்தால் முகத்தையே காப்பாற்ற வேண்டும்.

லென்ஸ் விஷயம் எளிது. சிறிய அறைக்கு 35 மி.மீ. போதும், 50 மி.மீ. கூட இருந்தால் நிறைவு.

கையெழுத்திடுகிறவர் தலையைக் குனிந்தே இருப்பார். நின்றுகொண்டு எடுத்தால் உச்சந்தலையும் பூச்சரமும்தான் கிடைக்கும். அலுவலர் அனுமதித்தால் அவருடைய பக்கம் போய், மேசை மட்டத்துக்குக் குனிந்து, பேனா நின்று முகம் நிமிரும் நொடிக்குக் காத்திருக்க வேண்டும். நடுவே கணினித் திரை மறைத்தால் இரண்டடி விலகுங்கள். அரசாங்க மேசையை ஒழுங்குபடுத்தும் வேலை நமக்கில்லை. கையெழுத்தை மறுபடியும் போடச் சொல்லவே கூடாது, அது சட்ட ஆவணம். சாட்சிகள் மூவரையும் தனித்தனியே எடுங்கள். பெற்றோர் வராத கல்யாணங்களில் அந்த மூவரே உறவு, அவர்கள் கையெழுத்தின்றிக் கல்யாணமும் இல்லை.

மேசைமேல் கிடக்கும் பிறருடைய பத்திரங்களும் ஆதார் நகல்களும் படத்தில் விழக் கூடாது. சுவரில் ஒட்டியுள்ள திருமண அறிவிப்புகளில் வேறு இணையர்களின் பெயரும் முகவரியும் இருக்கும். வீட்டாருக்குத் தெரியாமல் மணக்க நினைப்பவர்களுக்கு அந்தத் தாள் ஆபத்தானது.

வெளியே வந்தபின் அரைமணி நேரம் கிடைத்தால், திருவையாற்றில் புஷ்ய மண்டபப் படித்துறையும், கும்பகோணத்தில் மகாமகக் குளக்கரையின் பதினாறு மண்டபங்களும் நண்பகலில்கூட நிழல் தரும். ஆற்றில் தண்ணீர் வேண்டுமென்றால் மேட்டூர் அணை திறந்திருக்கும் காலமாகப் பார்க்க வேண்டும்; வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. கோடையில் மணல்தான், அதன் எதிரொளியும் கண்ணைக் கூசச் செய்யும். தாராசுரம் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் கேமரா முக்காலி (டிரைபாட்) வைக்க முன் அனுமதி வேண்டும்.

அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் நகலெடுத்து வையுங்கள். மணமக்கள் சொல்லும்வரை ஒரு படத்தைக்கூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்க வேண்டாம். இந்த நிபந்தனையை முன்பணம் வாங்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது முறை.