மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்திருந்தேன்

கோத்தகிரியில் இரவெல்லாம் காற்றும் மழையும். விடிந்து பார்த்தால் கற்பூர மரக் கிளை ஒன்று காரின் மேல் கிடந்தது. முன்கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிசல் விட்டிருந்தது. வைப்பர் இடுக்கில் நசுங்கிய இலைகளின் வாசம்.

மூன்று ஆண்டு இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாகத் தாளை எடுத்தேன். அதில் இரண்டு தேதிகள் இருந்தன. மூன்று ஆண்டுகள் என்பது மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும். 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு அதை மூன்று ஆண்டுக்கும் சேர்த்து எடுப்பது கட்டாயம். நம்மால் பிறருக்கு நேரும் சேதத்துக்குத்தான் பணம் தரும். நம் வண்டியைக் காக்கும் சொந்தச் சேதக் காப்பீடு ஓராண்டுக்கே எடுக்கப்பட்டிருந்தது. அது முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. மரம் விழுதல், மண்சரிவு, வெள்ளம் எல்லாம் இதில்தான் அடங்கும். மலையில் இருந்துகொண்டு இதையா விட்டேன்!

பழுதுச் செலவு முழுவதும் என் கையிலிருந்து போனது. பிறகு சொந்தச் சேதக் காப்பீட்டைத் தனியாக எடுத்தேன். காரை நாலாபுறமும் படம் எடுத்து ஆய்வு செய்த பின்னரே கொடுத்தார்கள். பழைய காப்பீடு முடிந்து 90 நாள் கடந்துவிட்டதால், முதல் ஆண்டு இழப்பீடு கேட்காததற்காகக் கட்டணத்தில் கிடைக்கும் 20 சதவீதச் சலுகையும் போய்விட்டது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் பிரிவையும் சேர்த்தேன். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். இப்போது இரண்டு தேதிகளும் சமையலறைக் காலண்டரில் சிவப்பு மையில் இருக்கின்றன.